தொண்ணூற்றொன்பது

மேயர் ஒடில் பெர்தூ
அடையாள அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்:
நூறுக்குக் கீழே இறங்கினால்
சபையில் பதினொரு நாற்காலி ஏழாகிவிடும்.
கவனமாக எண்ணுங்கள்.
கவனமாக என்றால்
கொஞ்சம் கூட்டி என்று பொருள்.

லா ப்ரூஸ்யேர்.
மேலூர், கீழூர், ஆற்றோரம்,
அதற்கும் அப்பால் நாலே நாலு கூரை.
ஜனவரிப் பனி.
என் பழைய ரெனோவுக்கு
ஏற்றத்தில் இரண்டாம் கியர் விழாது.

முதல் வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது.
அடுத்ததில் ஃபிர்மேன் லகார்த்,
சேற்றுக் கையோடு படிவத்தை வாங்காமல் ஒப்பித்தார்:
அறுபத்திரண்டு பசு, ஒரு காளை, நான்.
பசுவுக்கு இதில் கட்டம் இல்லை என்றேன்.
அவற்றுக்குக் காதில் எண் இருக்கிறதே,
எனக்கு எங்கே இருக்கிறது என்றார்.

நீல ஜன்னல் வீடு ஒல்லாந்துக்காரருடையது.
ஆகஸ்டில்தான் மூச்சுவிடும். கணக்கில் வராது.
லிமோஜில் படிக்கும் மகளை
இங்கேயே எழுது என்று ஒரு தாய் நின்றாள்.
கட்டில் இருக்கிறது, பார், போர்வைகூட மாற்றியிருக்கிறேன்.
விதி கட்டிலைக் கேட்பதில்லை,
உறங்கும் ஊரைக் கேட்கிறது.
அவள் கதவைச் சாத்தவில்லை.
நான்தான் சாத்திக்கொண்டு வந்தேன்.

காட்டோரக் கேரவனில் மரம் அறுக்கும் பெடியன் ஒருவன்,
கீழே சக்கரம், மேலே புகைபோக்கி.
ஒன்று என்று எழுதினேன்.
எவ்வளவு நாளைக்கு என்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் மேரியின் மேல்மாடியில்
சூப் ஆறும்வரை பழைய பேரேட்டைப் புரட்டினேன்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு.
எழுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பழுப்பு மையில், பள்ளி ஆசிரியரின் சாய்ந்த எழுத்தில்:
கொத்தன். கொத்தன். கொத்தனின் மனைவி.
கொத்தன். கூரை வேய்பவன். கொத்தன்.
ஓரத்தில் சின்னதாய்: ஊரில் இல்லை.
வசந்தம் வந்ததும் கால்நடையாகவே பாரிஸுக்குப் போனவர்கள்,
சுவர் எழுப்பப் போய்ச்
சுவருக்குள்ளேயே தங்கிவிட்டார்கள்.
எஞ்சியவர்களில் முப்பத்தெட்டுப் பேர்
இப்போது சதுக்கத்துக் கல்லில்.
அதில் நாலு லகார்த்.
ஆள் போன வயல்களில் தேவதாரு நட்டார்கள்.
மரத்தை எண்ணச் சொல்லியிருந்தால்
இந்த ஊர் இன்றைக்கு ஒரு மாநகரம்.

சும்மா கூட்டிப் பார்த்தேன்.
எழுநூற்றொன்பதுதான் வந்தது.
மறுபடி கூட்டினேன். அதேதான்.
மூன்று பேரை எங்கிருந்து கொண்டுவந்தீர் ஐயா,
உமக்கும் ஒரு மேயர் இருந்தாரோ?

கடைசிப் படிவம் எங்களுடையது.
அவர், மகன், நான்.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள்
மயிலிட்டி நெருக்கியடித்து உட்கார்ந்தது.
அங்கே ஆட்களை எண்ண வந்தபோது எனக்கு இரண்டு வயதாம்.
அடுத்த முறை யாரும் வரவில்லை.
அதற்கும் அடுத்த முறை எண்ண ஊரே இல்லை,
முள்வேலிக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும் இருந்தது.
சுழியம் என்று எழுதுவதற்குக்கூட
ஒருத்தர் அடையாள அட்டையோடு வந்து
கதவைத் தட்ட வேண்டுமே.

தொண்ணூற்றொன்பது என்றேன்.
மேயர் கண்ணாடியைக் கழற்றினார்.
தபால்காரிக்கு இது எத்தனையாவது மாதம்?
மே மாதம்தான் பிறக்கும்.
கொஞ்சம் முன்னால் முடியாதா என்று கேட்டுவிட்டு
அவரே சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை.
பிறகு பேனாவை எடுத்தார்.
ஒன்பதுக்கு வால் போடும்போது
அவர் கை சற்று நின்றது.
அந்த மூன்று பேரைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

இறங்கும் வழியில்
வேலிக்கு மேலாக லகார்த் கத்தினார்:
அறுபத்து மூன்று! விடியற்காலையில்!
வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.
கண்ணாடியை இறக்கி
ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டே போனேன்.